வீட்டிலே ஓர் இருட்டறை

எமது மலையகத் தோட்டங்களில் லயத்து வீட்டின் அறையைக் "காம்பரா" என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். படம் பிடிக்கும் கருவியைக் "கமரா" என்கிறோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். இலத்தீன் மொழியில் "கமெரா" என்றால் அறை என்று பொருள். ஐரோப்பியரோடு கடல் கடந்து வந்த அந்தச் சொல், எமது பேச்சில் ஒரு பக்கம் குடியிருக்கும் அறையாகவும் மறுபக்கம் படம் பிடிக்கும் பெட்டியாகவும் தங்கிவிட்டது.

கமரா என்பது உண்மையில் ஒரு சின்னஞ்சிறிய இருண்ட அறைதான். பிலிம் கமராவுக்குள் பதிந்த படத்தைக் கடதாசியில் கொண்டுவருவதற்கு இன்னோர் இருண்ட அறை தேவை. அதைத்தான் இருட்டறை என்கிறோம். கையடக்கத் தொலைபேசிகள் வந்த பின்னர் ஸ்டூடியோக்களிலிருந்தே அந்த அறை மறைந்துவிட்டது. ஆனால், டிக்கோயாவில் உள்ள எங்கள் வீட்டில் கடந்த வருடம் அப்படி ஓர் அறையை அமைத்தோம். அதை ஏன் அமைத்தோம், எப்படித் திட்டமிட்டோம் என்பதையும், உயர்தர வகுப்பில் நாம் படிக்கும் பௌதிகவியலும் இரசாயனவியலும் அதற்குள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். இருட்டறையின் திட்டம் முழுவதையும் இரண்டு விதிகளில் அடக்கிவிடலாம். உள்ளே வரக்கூடாதது வெளிச்சம். வெளியே போகக்கூடாதது வெள்ளி.

இப்னுல் ஹைதமின் அறை

965ஆம் ஆண்டு பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் காலமானவர் இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து ஏதோவொன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்ற பழைய கருத்தை அவர் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று தமது "கிதாபுல் மனாழிர்" என்ற நூலில் நிறுவினார்.

அதற்கு அவர் பயன்படுத்திய ஆய்வுகூடம் ஓர் இருண்ட அறைதான். ஒரு துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். அறைக்குள் சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்குச் சமமான ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அந்த விளக்குக்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளிக்கதிர்கள் நேர்கோட்டில் செல்கின்றன, ஒரே துளையில் ஒன்றையொன்று கடந்தாலும் கலந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட எளிமையான சான்று கிடையாது. "அல்-பைத்துல் முழ்லிம்" என்று அரபியில் சொல்லப்படும் இந்த இருண்ட வீடே கமராவின் மூதாதை.

இதை நாங்கள் எங்கள் வீட்டிலேயே கண்டோம். இருட்டறைக்காகத் தெரிவு செய்த களஞ்சிய அறையின் பலகைக் கதவில் ஓர் ஆணித் துளை இருந்தது. கதவைச் சாத்திய சிறிது நேரத்தில், எதிரே உள்ள தேயிலை மலை சுவரில் தலைகீழாக மங்கலாகத் தெரிந்தது. வானம் கீழேயும் தேயிலை மேலேயும் இருந்தன. அத்துளையை அடைப்பதற்கு முன் தங்கைமாரையும் உம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

டிக்கோயாவில் அடங்கிய புகைப்படக் கலைஞர்

உலகப் புகைப்பட வரலாற்றில் முக்கியமான ஒருவர் எமது மலைகளிலேயே இறந்தார் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. அவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களில் வரும் சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி. அவருக்கு 48 வயதாக இருந்தபோது, 1863 டிசெம்பரில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த தமது வீட்டில் நிலக்கரி போட்டு வைக்கும் அறையை அவர் இருட்டறையாக்கினார். கண்ணாடி பதித்த கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாக்கினார். அந்த வீட்டின் பெயர் டிம்போலா. இலங்கையில் அவர்களுக்கிருந்த டிம்புள்ளைத் தோட்டத்தின் பெயர் அது.

அக்காலத்தில் 1851இல் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய ஈரக் கொலோடியன் முறையே வழக்கில் இருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்கு முன் படமெடுத்து, உடனே கழுவி முடிக்க வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான். எனவே, இருட்டறை இல்லாத இடத்தில் புகைப்படமே இல்லை. தூரப் பயணம் செய்தவர்கள் இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்து சென்றார்கள்.

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கு வந்தனர். இங்கு அவர் எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் அவர் காலமானார். கணவனும் மனைவியும் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களினதும் விஞ்ஞானிகளினதும் பெயர்கள் அனைத்தும் பதிவாகியுள்ளன. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் நிற்கும் உழைக்கும் மக்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் எவருக்கும் தெரியாது. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. இருட்டறை அமைக்க நாங்கள் முடிவெடுத்ததற்கும் இதற்கும் தொடர்புண்டு.

பிஸ்கட் டின்களில் இருந்தவர்கள்

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் அழைப்போம். அப்பா ஹட்டன் நகரில் இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு சிறிய ஸ்டூடியோ நடத்தினார். அவர் வபாத்தான பின்னர் பதினொரு பிஸ்கட் டின்களில் நெகட்டிவ்கள் எஞ்சியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கடதாசி உறையில் இருந்தது. உறையின் மேல் பெயர், தோட்டம், டிவிஷன், திகதி ஆகியன எழுதப்பட்டிருந்தன.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 300,000 பேர் இலங்கைப் பிரஜாவுரிமை பெறவும் முடிவானது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். புறப்பட்டவர்கள் ரயிலில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் சென்றார்கள். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். அதுவரை கமராவுக்கு முன்னால் நின்றிராத பலருக்கு அதுவே முதற்படம். சிலருக்கு ஒரே படம்.

கடந்த வருடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வயதான ஓர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய தாய் இந்தியாவுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டவர். கல்யாணமாகி இருந்ததால் மகள் மட்டும் இங்கே தங்கிவிட்டார். "ஒங்க தாத்தா கடையிலதான் படம் புடிச்சோம். இருக்குமா பிள்ளை? எனக்கு மொகமே மறந்து போச்சு" என்று கேட்டார். மூன்று மாலைகள் தேடி அந்த உறையைக் கண்டெடுத்தோம். நெகட்டிவின் ஒரு மூலையைப் பூஞ்சணம் தின்றிருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

நெகட்டிவைக் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து நிறத்தைப் புரட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்தோம். எல்லா நெகட்டிவ்களுக்கும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஆனால், அந்த அம்மாவிடம் அத்தகைய தொலைபேசி இல்லை. அவருக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். எமது ஈரக் காலநிலையில் மைப் பிரதிகள் சில வருடங்களிலேயே மங்கிவிடுவதைப் பார்க்கிறோம். ஒழுங்காகக் கழுவிய வெள்ளிப் படமோ தலைமுறைகளைக் கடந்து நிற்கும். அப்பாவின் பெருப்பிக்கும் கருவியான என்லார்ஜர் துணி போர்த்தி வைத்தபடியே இருந்தது. அதற்கு ஓர் அறைதான் இல்லை.

வெளிச்சத்தை நிறுத்துதல்

எங்கள் களஞ்சிய அறை 5 அடி அகலமும் 7 அடி நீளமும் கொண்டது. ஒருவர் நின்று வேலை செய்ய இதுவே போதும். ஜன்னல் இல்லாத அறை, மாடிப்படிக்குக் கீழுள்ள இடம், குளியலறை ஆகியவற்றில் எதுவும் பொருந்தும்.

தகரக் கூரையின் ஆணித் துளைகளும் சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட இடைவெளியும்தான் மலையக வீடுகளில் முதல் எதிரி. இடைவெளியைக் கறுப்புப் பொலித்தீனால் இரண்டு மடிப்பாக அடைத்தோம். கதவுக்கு உட்புறம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இரண்டு கறுத்தத் துணித் திரைகள் போட்டோம். பின்னர் வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் உள்ளே சென்று கதவைச் சாத்தி இருபது நிமிடங்கள் உட்கார்ந்தேன். கண் இருளுக்குப் பழகும் வரை உண்மை தெரியாது. இருபது நிமிடங்களுக்குப் பின்னும் கையிலுள்ள வெள்ளைக் கடதாசி தெரியாவிட்டால்தான் அறை தயார். முதல் நாள் ஏழு இடங்களில் வெளிச்சம் கசிந்தது.

இருட்டறையின் சுவர்கள் முழுவதும் கறுப்பாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. என்லார்ஜரைச் சுற்றியுள்ள பகுதிக்கு மட்டும் கறுப்புப் பூசினால் போதும். மற்றச் சுவர்கள் வெள்ளையாக இருந்தால் சிவப்பு விளக்கின் ஒளி பரவி, வேலை செய்ய இலகுவாக இருக்கும்.

ஏன் சிவப்பு விளக்கு? ஒரு போட்டோனின் சக்தி அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதசமமானது என்று படித்திருக்கிறோம். சிவப்பு ஒளியின் அதிர்வெண் குறைவு. எனவே அதன் போட்டோன்களின் சக்தியும் குறைவு. படக் கடதாசியில் உள்ள வெள்ளி உப்புகளை நீல ஒளியும், சிலவகைக் கடதாசிகளில் பச்சை ஒளியும் தாக்கும். சிவப்பு தாக்காது. ஆனால், கடையில் வாங்கும் எல்லாச் சிவப்பு பல்புகளும் தூய சிவப்பு அல்ல. படக் கடதாசித் துண்டொன்றின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு, பின்னர் டெவலப்பரில் இடுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த பல்பு உதவாது. பிலிம் சுருளைக் கையாளும்போது சிவப்பு விளக்கும் கூடாது. அதற்கு முழு இருள் வேண்டும்.

உலர்ந்த பக்கம், ஈரப் பக்கம்

அறையின் ஒரு பக்கம் உலர்ந்த பக்கம். அங்கே என்லார்ஜர், நெகட்டிவ், கடதாசி ஆகியன இருக்கும். எதிர்ப்பக்கம் ஈரப் பக்கம். அங்கே தட்டுகள் இருக்கும். ஈரக் கையோடு உலர்ந்த பக்கத்துக்குப் போகக்கூடாது. கடதாசிக்கும் இது நல்லது, உயிருக்கும் இது நல்லது. மின் ஆளிகள் யாவும் உலர்ந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும். மின்சார வேலையை வாப்பா ஒரு மின் தொழிலாளரைக் கொண்டே செய்வித்தார். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் இதைத் தொடங்க வேண்டாம் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு தட்டுகளை வரிசையாக வைக்க எங்களுக்கு இடம் போதவில்லை. எனவே பழைய புத்தக ராக்கையைக் கொண்டு தட்டுகளைப் படிக்கட்டுப் போல ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தோம். டெவலப்பர் மேல் தட்டில், பிக்ஸர் கீழ்த் தட்டில். காரணம், பிக்ஸர் ஒரு துளி டெவலப்பரில் விழுந்தாலும் அது கெடும். டெவலப்பர் கீழே சிந்தினால் அவ்வளவு கேடில்லை.

காற்றுக்கு வழி விட்டால் வெளிச்சமும் வருமே என்ற பிரச்சினைக்கு இப்னுல் ஹைதம் சொன்னதே தீர்வு. ஒளி நேராகத்தான் செல்லும், காற்று வளைந்தும் செல்லும். 4 அங்குலப் பீவீசீ குழாயில் இரண்டு எல்போக்களைப் பொருத்தி, உட்புறம் கறுப்புப் பூசி, ஒன்றைச் சுவரின் கீழேயும், விசிறியோடு மற்றொன்றை மேலேயும் வைத்தோம். காற்று வந்து போகிறது, வெளிச்சம் இரண்டாம் வளைவில் நின்றுவிடுகிறது. இரசாயனங்களின் ஆவி சுவாச நோய் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் இதைத் தவிர்க்க முடியாது.

குளிரும் ஈரமும்

டெவலப்பர் வேலை செய்ய உகந்த வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். கொழும்பில் இருப்பவர் அதற்கு ஐஸ் தேடுவார், நாங்கள் கேத்தல் தேடுகிறோம். ஜனவரி காலையில் எங்கள் அறையின் வெப்பமானி 15 பாகை காட்டியது. வெப்பநிலை குறைந்தால் தாக்கவீதம் குறையும். டெவலப்பரில் உள்ள ஐதரோகுவினோன் 12, 13 பாகைக்குக் கீழே ஏறத்தாழச் செயலற்றுவிடும். எனவே, பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் டெவலப்பர் தட்டை வைக்கிறோம்.

ஈரம் இதைவிடப் பெரிய பிரச்சினை. நெகட்டிவின் மேலுள்ள ஜெலற்றின் விலங்குப் புரதம். தென்மேல் பருவமழைக் காலத்தில் பூஞ்சணத்துக்கு அது விருந்து. பூஞ்சணம் பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சணம் தின்ற இடத்தில் ஜெலற்றின் நீரில் கரையும் தன்மையை அடைந்திருக்கும். கழுவினால் படமும் சேர்ந்து போய்விடும். மெல்லிய உலர்ந்த தூரிகையால் மட்டும் துடைத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்க வேண்டும்.

படம் எழும் நேரம்

நெகட்டிவ் ஊடாகச் சென்ற ஒளி கடதாசியில் விழுந்ததும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒளி பட்ட மணிகளில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் உருவாகியிருக்கும். டெவலப்பரில் இட்டதும் அந்த அணுக்களே ஊக்கிகளாகி, அம்மணியிலுள்ள வெள்ளி அயன்கள் இலத்திரன்களை ஏற்று உலோக வெள்ளியாகத் தாழ்த்தப்படுகின்றன. இதற்கு ஒன்றரை நிமிடம் போதும். அடுத்து, தாக்கத்தை நிறுத்த ஐதான அசற்றிக்கமிலம், அரை நிமிடம். சமையலறை வினாகிரியைச் சம அளவு நீரில் கலந்தால் அதுவே போதும். பின்னர் பிக்ஸர், சில நிமிடங்கள். இறுதியாகக் கழுவுதல்.

பிக்ஸரில் இருப்பது சோடியம் தயோசல்பேற்று. அயடீன் நியமிப்புக்கு ஆய்வுகூடத்தில் நாம் எடுக்கும் அதே உப்பு. ஒளி படாத வெள்ளி உப்பைச் சிக்கலயனாக்கிக் கரைத்துவிடுவது இதன் வேலை. இந்தப் பண்பை 1819இல் கண்டவர் ஜோன் ஹேர்ஷல். பின்னாளில் கமரனின் நண்பராக இருந்தவரும் அவரே. அக்காலத்தில் சிலர் இதே வேலைக்குப் பொற்றாசியம் சயனைட்டைப் பயன்படுத்தினார்கள். அந்த நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவரும் எந்தச் செய்முறையையும் நாம் தொடக்கூடாது.

என்லார்ஜர் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்கள் பெரியவை. கடதாசியின் மேல் நெகட்டிவை வைத்து, அதன் மேல் கண்ணாடியை அழுத்தி, மேலே ஒரு சிறிய பல்பை சில விநாடிகள் எரியவிட்டால் அதே அளவில் படம் கிடைக்கும்.

நாங்கள் முழு அளவில் அச்சிட்ட முதற்படம் அந்த அம்மாவின் தாயினுடையது. தட்டில் முதலில் எழுந்தது சேலையின் கரை, பிறகு தலைமயிர், கடைசியில் முகம். மறுநாள் வாப்பாவும் நானும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பேத்தியின் முகத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "இவளேதான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளியை நிறுத்துதல்

வேலை முடிந்ததும் பிக்ஸரைக் கானில் ஊற்றினால் என்ன? எங்கள் வீட்டுக் கான் ஓடைக்குப் போகிறது. டிக்கோயாவின் ஓடைகள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குச் செல்கின்றன. அங்கிருந்து கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. கொழும்பு மக்கள் குடிப்பது களனி நீர். பயன்படுத்திய பிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது. வெள்ளி அயன்கள் மீன்களுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கும் கேடானவை.

மின்னிரசாயனத் தொடரில் இரும்பு வெள்ளிக்கு மேலே உள்ளது. எனவே, மூடியுள்ள வாளியில் பயன்படுத்திய பிக்ஸரைச் சேர்த்து, அதற்குள் இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டுவிடுகிறோம். துருப்பிடிக்காத உருக்குச் சுருள் இதற்கு உதவாது. சில நாட்களில் இரும்பு கரைந்து, வெள்ளி கறுத்த சேறாக வாளியின் அடியில் படிகிறது. எமது பாடப்புத்தகத்தின் இடப்பெயர்ச்சித் தாக்கம் அப்படியே நிகழ்கிறது. சேற்றை வடித்து உலர்த்திப் போத்தலில் வைத்திருக்கிறோம். மேலே நிற்கும் நீரையும் ஓடையில் விடுவதில்லை. போத்தல்களில் அடைத்துப் பூட்டி வைக்கிறோம். சிறுவர் கைக்கு எட்டாத பூட்டு மிக அவசியம். தண்ணீர்ச் செலவைக் குறைக்க, ஓடும் குழாயில் கழுவாமல் தட்டிலுள்ள நீரை ஆறு தடவை மாற்றிக் கழுவுகிறோம்.

அமானிதம்

நெகட்டிவ்கள் எங்களுடைய பொருட்கள் அல்ல. அவை அப்பாவிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று வாப்பா சொல்வார். ஆகவே, தேடி வரும் குடும்பத்துக்கு அவர்களுடைய படத்தை மட்டுமே கொடுக்கிறோம். எங்கும் காட்சிக்கு வைப்பதில்லை, எவருக்கும் அனுப்புவதில்லை. இதுவரை ஒன்பது குடும்பங்கள் தத்தமது படத்தைப் பெற்றுள்ளன. இன்னும் எட்டு டின்கள் திறக்கப்படாமல் இருக்கின்றன.

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஓர் உறை இருக்கலாம். இருட்டறை கட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை. அதைக் குப்பையில் போடாதீர்கள், தண்ணீரில் நனைக்காதீர்கள். உம்மம்மாவிடமோ மூத்தவர் ஒருவரிடமோ அதிலிருப்பவர் யார் என்று இன்றே கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை எங்கள் மழைக் காலத்தில் பரவிவிடும்.